உங்களுக்குப் பிடிச்ச கிட்டாரிஸ்ட் யாரு?

ரொம்ப நாளாச்சு மக்களே, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம்தான் ஒரு ரிலீஸ் முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சது. சரி, இந்தச் சந்துல ஒரு பதிவு போட்டுடலாம்னு வந்துட்டேன்.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். பொறியியல் கல்லூரி, ஹாஸ்டல், மூணாவது மாடி. எங்க விங்ல மொத்தம் ஒரே ஒரு கிட்டார். அதுக்கு ஆறு கம்பி இருக்கணும், அஞ்சுதான் இருந்துச்சு. வாசிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன், தெரிஞ்ச மாதிரி நடிக்கிறவங்க நாலு பேரு (அடியேன் இரண்டாவது கட்சி). ஆனா சண்டைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. உலகத்துலயே பெரிய கிட்டாரிஸ்ட் யாரு? ஜிமி ஹெண்ட்ரிக்ஸா, எரிக் கிளாப்டனா, ஜிம்மி பேஜா? ராத்திரி ஒரு மணிக்கு ஆரம்பிச்சா மெஸ்ல காலை இட்லி வர்ற வரைக்கும் ஓடும். முடிவு மட்டும் வரவே வராது.

இந்தச் சண்டை எங்க ஹாஸ்டலுக்கு மட்டும் சொந்தமில்லை. 1960-களில் லண்டன் சுவர்களில் 'கிளாப்டன்தான் கடவுள்' என்று யாரோ கிறுக்கி வைத்தார்கள். 2011-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை கிட்டாரிஸ்டுகளையும் இசை தெரிந்தவர்களையும் ஓட்டுப் போட வைத்து நூறு பேர் பட்டியல் ஒன்று வெளியிட்டது. ஹெண்ட்ரிக்ஸ் முதலிடம், கிளாப்டன் இரண்டு, பேஜ் மூன்று. எங்க விங்ல கத்திய அதே மூணு பேரு, அதே வரிசை! நாங்க அவ்வளவு மோசம் இல்லை போலிருக்கேன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ஆனா பொட்டி தட்டுறவன் புத்தி சும்மா இருக்குமா? ஒரு புரோகிராம் நல்லா ஓடுதுன்னா, அது எந்த லைப்ரரியை நம்பி ஓடுது, அந்த லைப்ரரி வேறு எதை நம்பி ஓடுதுன்னு தோண்டிப் பார்க்கிற வியாதி நமக்கு உண்டு. அதே மாதிரி இங்கேயும் தோண்டினால் என்ன? நமக்குப் பிடிச்ச கிட்டாரிஸ்ட் யாருங்கிறது இருக்கட்டும். அந்த கிட்டாரிஸ்டுக்குப் பிடிச்ச கிட்டாரிஸ்ட் யாரு? அவருக்குப் பிடிச்சவர் யாரு? இப்படியே பின்னாடி போனால் எங்கே போய் நிற்கும்?

போய்ப் பார்த்தேன். அது போய் நின்ற இடம், 1959-ல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

*

முதலில் எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். சக் பெரி.

ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் கீத் ரிச்சர்ட்ஸைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார், சக் பெரி என்பார். 1986-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது சக் பெரியை மேடைக்கு அழைத்து வரவேற்றவர் கீத்தான். இந்த மனிதர் வாசித்த ஒவ்வொன்றையும் நான் சுட்டிருக்கிறேன் என்று அங்கேயே ஒத்துக்கொண்டார். அதே வருஷம் சக் பெரியின் 60-வது பிறந்தநாளை ஒட்டி கச்சேரி ஏற்பாடு செய்து படமும் எடுத்தார்கள். 1987-ல் வெளிவந்தது. அந்தப் படத்தில் ஒரு ஒத்திகைக் காட்சி வரும். ஒரு பாட்டின் ஆரம்பத்தை கீத் வாசிக்கிறார். சக் பெரி நிறுத்துகிறார், 'அப்படி இல்லை, இப்படி' என்கிறார். மறுபடி வாசிக்கிறார், மறுபடி நிறுத்துகிறார். உலகம் பூரா ஸ்டேடியங்களை நிரப்பிய ஆள், பாட்டு வாத்தியாரிடம் குட்டு வாங்கும் பையன் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பார். யூட்யூப்ல கிடைக்கும், கட்டாயம் பாருங்க.

சரி, சக் பெரிக்குப் பிடித்தவர் யார்? அங்கேதான் சுவாரசியம். 'ஜானி பி. குட்', 1958. ராக் இசைன்னா என்னன்னு கேட்கிறவங்களுக்கு அதன் முதல் சில நொடிகளைப் போட்டுக் காட்டினால் போதும். அந்த ஆரம்பம் சக் பெரியின் சொந்தச் சரக்கு இல்லை. 1946-ல் லூயிஸ் ஜோர்டன் குழு வெளியிட்ட ஒரு பாட்டின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட அதே கிட்டார் வருகிறது. வாசித்தவர் பெயர் கார்ல் ஹோகன். இதை யாரோ ஆராய்ச்சியாளர் வந்து துப்புத் துலக்கவில்லை. சக் பெரியே பேட்டியில் கார்ல் ஹோகன் பெயரைச் சொன்னார். கூடவே டி-போன் வாக்கர் பெயரையும், சார்லி கிறிஸ்டியன் பெயரையும் சொல்வார்.

கார்ல் ஹோகன் பெயரை இதற்கு முன் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்க பார்க்கலாம். நான் தூக்க மாட்டேன். ஏன்னா எனக்கும் தெரியாது. அந்த ரெக்கார்டின் மேல் 'லூயிஸ் ஜோர்டன் அண்ட் ஹிஸ் டிம்ப்பனி ஃபைவ்' என்றுதான் போட்டிருக்கும். நம்ம வீட்டுப் பரண்ல கிடக்கிற பழைய சினிமாப் பாட்டு கேசட்டை எடுத்துப் பாருங்க. இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் எல்லாம் இருக்கும், கிட்டார் வாசிச்சவர் பேரைத் தேடினால் கிடைக்காது. அதே கதைதான் அங்கேயும்.

1977-ல் நாசா வாயேஜர் விண்கலங்களை அனுப்பியபோது, வேற்றுக்கிரகவாசி யாராவது எடுத்தால் கேட்கட்டும் என்று ஒரு தங்க ரெக்கார்டையும் சேர்த்து அனுப்பினார்கள் இல்லையா, அதில் 'ஜானி பி. குட்' இருக்கிறது. வாயேஜர் 1, 2012-ல் சூரியனின் காற்று எட்டும் எல்லையையே தாண்டிப் போய்விட்டது. ஆக, கார்ல் ஹோகனின் விரலில் பிறந்த ஒரு சின்ன இசைத்துணுக்கு நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கிறது. ரெக்கார்டில் அவர் பெயர் மட்டும் இல்லை. அது நமக்குத் தெரிவதே சக் பெரி வாயைத் திறந்து சொன்னதால்தான்.

*

அடுத்து பி.பி. கிங். 1925-ல் மிசிசிப்பியில் பிறந்து பருத்தி பொறுக்கி வளர்ந்து, 2015-ல் 89 வயதில் மறைந்தவர். 'எனக்கு யாரைப் பிடிக்கும் தெரியுமா' என்று சொல்வதில் இந்த மனிதருக்கு இருந்த தாராளம் வேறு யாருக்கும் இருந்ததா தெரியவில்லை. அப்படியே இவர் மாதிரி வாசிக்க முடிந்தால் வாசித்துவிடுவேன் என்று நினைக்கிற அளவுக்குச் சிலர்தான் உண்டு என்று சொல்லி ஐந்து பெயர்களை அடுக்குவார். டி-போன் வாக்கர், லானி ஜான்சன், பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், சார்லி கிறிஸ்டியன், ஜாங்கோ ராயின்ஹார்ட்.

இந்த ஐந்து பேரையும் கவனிச்சுப் பாருங்க. டி-போன் வாக்கர், மின்சார கிட்டாரை ப்ளூஸ் இசைக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர். கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிப்பது, காலை அகட்டி அப்படியே தரையில் உட்கார்வது, இந்த வித்தையெல்லாம் ஹெண்ட்ரிக்ஸ் கண்டுபிடித்தது என்று நாங்க ஹாஸ்டல்ல நம்பிக்கிட்டிருந்தோம். அதையெல்லாம் டி-போன் 1940-களிலேயே செய்துவிட்டார். அவர் சின்னப் பையனாக டல்லாஸ் தெருக்களில் கண் தெரியாத பிளைண்ட் லெமனுக்கு வழிகாட்டிக் கூட்டிப் போனவர். சார்லி கிறிஸ்டியன் 1939-ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார், 1942-ல் காசநோயில் போய்ச் சேர்ந்தார். வயது 25. ஜாங்கோ ஐரோப்பாவின் ரோமா இனத்துக்காரர். 1928-ல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் ஏறக்குறைய செயலிழந்த பிறகு, மிச்ச விரல்களை வைத்தே வாசித்துக் காட்டியவர்.

மிச்சம் இருப்பது லானி ஜான்சன். பி.பி. கிங் சிறுவனாக இருந்தபோது, பாட்டி முறை வேண்டிய ஒரு உறவுக்காரர் வீட்டில் கிராமபோன் பெட்டி இருந்தது. அதில்தான் பிளைண்ட் லெமனையும் லானியையும் கேட்டார். வயசான பிறகும் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

லானி ஜான்சனா? அது யாருப்பா? அப்போ நான் கேட்ட கேள்வி இதுதான்.

*

இப்ப நம்ம 'கடவுள்' பக்கம் போவோம். கிளாப்டனைக் கேட்டால் அவர் காட்டும் பெயர்களில் உச்சத்தில் இருப்பது ராபர்ட் ஜான்சன். கிளாப்டன் இருந்த கிரீம் குழு 1968-ல் வாசித்த 'கிராஸ்ரோட்ஸ்' ராபர்ட்டுடைய பாட்டு. 2004-ல் முழுக்க ராபர்ட்டின் பாடல்களையே வைத்து ஒரு ஆல்பம் போட்டார் கிளாப்டன்.

ராபர்ட் ஜான்சன் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நடுராத்திரி நாற்சந்தியில் சாத்தானிடம் ஆத்மாவை விற்று கிட்டார் கற்றார் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கும். நிஜத்தில் அவர் வாழ்ந்தது 27 வருஷம். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலுமாக இரண்டே முறை பதிவு. மொத்தம் 29 பாட்டு. 1938 ஆகஸ்டில் இறந்தார். 1961-ல் கொலம்பியா நிறுவனம் அவர் பாடல்களைத் தொகுத்து எல்.பி. போட்ட பிறகுதான் இங்கிலாந்துப் பையன்கள் காதில் விழுந்தார்.

சாத்தான் சொல்லிக் கொடுத்தானோ இல்லையோ, ரெக்கார்டு சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1937-ல் டல்லாஸில் ராபர்ட் பதிவு செய்த 'மால்டட் மில்க்', 'ட்ரங்கன் ஹார்ட்டட் மேன்' இரண்டையும் கேளுங்க. அவருடைய மற்ற பாட்டுகளின் முரட்டுத்தனம் இல்லாமல் பட்டு மாதிரி இருக்கும். ஏனென்றால் அவை அப்படியே லானி ஜான்சன் பாணி. ராபர்ட்டோடு ஊர் ஊராகச் சுற்றிய ஜானி ஷைன்ஸ் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். லானியின் மேல் இருந்த பித்தில், நானும் அந்த ஜான்சன் குடும்பத்துக்காரன்தான் என்று ராபர்ட் ஊரில் சொல்லிக்கொண்டு திரிவாராம்!

யோசிச்சுப் பாருங்க. கிளாப்டன் கும்பிடுவது ராபர்ட்டை. அந்த ராபர்ட், லானி எனக்குச் சொந்தக்காரர் என்று கப்சா விட்டுக்கொண்டிருக்கிறார். தேடிய இரண்டு பாதையும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

*

யார் இந்த லானி ஜான்சன்?

நியூ ஆர்லியன்ஸ்காரர். குடும்பமே இசைக் குடும்பம். முதலில் கற்றது வயலின். 1919-ல் வெளிநாட்டு வேலை முடிந்து ஊர் திரும்பினால், 1918-ன் விஷக் காய்ச்சல் குடும்பத்தையே துடைத்துப் போயிருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு சகோதரர். இருவரும் ஊரைக் காலி செய்துவிட்டு செயின்ட் லூயிஸ் போனார்கள். 1925-ல் அங்கே ஒரு தியேட்டரில் நடந்த ப்ளூஸ் போட்டியில் லானி ஜெயித்தார். பரிசு, ஓக்கே என்ற கம்பெனியில் ரெக்கார்டு பதிவு செய்யும் வாய்ப்பு.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் சொல்லணும், இல்லேன்னா நம்ம ஆளோட அருமை புரியாது. அந்தக் காலத்தில் ஒரு ஜாஸ் குழுவில் கிட்டாருக்குப் பெரிய மரியாதை கிடையாது. ட்ரம்பெட்டும் டிரம்ஸும் முழங்கும் இடத்தில் மர கிட்டாரின் சத்தம் யார் காதில் விழும்? அதனால் சத்தம் அதிகமான பான்ஜோவைத்தான் வைத்திருப்பார்கள். வேலை, பின்னால் தாளத்துக்குக் கார்டு தட்டிக்கொண்டிருப்பது. 1925 வாக்கில்தான் பெரிய குழாயைப் பார்த்துக் கத்திப் பதிவு செய்யும் முறை போய் மைக் வந்தது. மெல்லிய சத்தமும் ரெக்கார்டில் ஏறத் தொடங்கியது. சரியான நேரத்தில் சரியான ஆள் வந்து சேர்ந்தார்.

லானி வயலின்காரர் இல்லையா, கிட்டாரையும் வயலின் மாதிரியே நினைத்தார். கார்டு தட்டுவதோடு நிற்காமல் ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரித்து, ஒரு கம்பியில் மெட்டை நடத்தி, பாடுகிறவர் குரலைப் போல இழுத்து, நடுக்கிக் காட்டினார். வீணையில் கம்பியை இழுத்து கமகம் கொண்டுவருவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய ஆச்சரியமாகத் தெரியாது. ஆனால் இன்றைக்கு 'லீட் கிட்டார்', 'சோலோ' என்று நாம் சொல்கிற விஷயம் ரெக்கார்டில் உருவாகி வந்தது இவரைப் போன்ற ஒரு சிலரின் கையில்தான். 1927 டிசம்பரில் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவோடு வாசித்தார். 1928-ல் டியூக் எலிங்டன் குழுவோடு வாசித்தார். ஆம்ஸ்ட்ராங்கும் எலிங்டனும் கூப்பிட்டு வாசிக்கச் சொன்ன ப்ளூஸ்காரர்!

இன்னொரு சம்பவம். எடி லாங் என்று ஒரு கிட்டாரிஸ்ட். இத்தாலிய வம்சம், வெள்ளைக்காரர், பெரிய பெயர். அவரும் லானியும் 1928-லும் 1929-லும் ஜோடியாக வாசித்து ரெக்கார்டு போட்டார்கள். ஆனால் அன்றைய அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்ததாக ரெக்கார்டில் பெயர் போட முடியாது. கறுப்பர்கள் வாங்குவதற்கென்றே தனி வரிசை வைத்து விற்றுக்கொண்டிருந்த காலம். அதனால் எடி லாங் தன் பெயரை மறைத்து 'பிளைண்ட் வில்லி டன்' என்று ஒரு கறுப்பர் பெயரைப் போட்டுக்கொண்டார். கண் நல்லாத் தெரியும் அவருக்கு! பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவரின் பெயரைப் பக்கத்தில் போட முடியாத கொடுமை. 1933-ல் ஒரு டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பின் எடி லாங் இறந்தார், வயது 30.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் ரெக்கார்டு வியாபாரம் படுத்தது. லானி இரும்பு ஆலையில் வேலைக்குப் போனார். பிறகு திரும்பி வந்தார். 1948-ல் 'டுமாரோ நைட்' என்ற பாட்டு கறுப்பர் இசைத் தரவரிசையில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1954-ல் எல்விஸ் பிரெஸ்லி என்ற லாரி டிரைவர் பையன் மெம்ஃபிஸில் அதே பாட்டைப் பாடிப் பதிந்தார். 1952-ல் லானி இங்கிலாந்து போனார். லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் கச்சேரி.

அந்தக் கச்சேரியில் வாசித்தவர்களில் டோனகன் என்று ஒரு இளைஞரும் உண்டு. இயற்பெயர் ஆண்டனி. லானி மேல் இருந்த அபிமானத்தில் தன் பெயரையே லானி டோனகன் என்று மாற்றிக்கொண்டவர். இவர் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' 1956-ல் இங்கிலாந்தில் பற்றிக்கொண்டது. ஸ்கிஃபில் என்ற மோகம் கிளம்பியது. ஒரு மலிவு கிட்டார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் குச்சியும் கயிறும் கட்டிச் செய்த பேஸ். இவ்வளவு இருந்தால் இசைக்குழு ரெடி. லிவர்பூலில் ஜான் லெனன் ஆரம்பித்த குவாரிமென் இப்படித்தான் தொடங்கியது, அதுதான் பின்னால் பீட்டில்ஸ் ஆனது. ஜிம்மி பேஜ் பள்ளிப் பையனாக பி.பி.சி. டிவியில் முகம் காட்டியதும் ஸ்கிஃபில் வாசித்துத்தான்.

எங்க ஹாஸ்டல் சண்டையின் மூணாவது கட்சியும் இங்கேயே வந்து சேர்ந்துடுச்சு பார்த்தீங்களா? ஒரு ஆளோட பேரை மட்டும் கடன் வாங்கிப் போய், அந்தப் பேரால் ஒரு தேசத்துப் பிள்ளைகள் கையில் கிட்டார் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு 'லானி' யார் பெயர் என்று தெரிந்திருக்கும்?

அந்தச் சமயத்தில் அசல் லானி என்ன செய்துகொண்டிருந்தார்? பிலடெல்பியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் துப்புரவு வேலை. 1959-ல் கிரிஸ் ஆல்பர்ட்சன் என்ற ரேடியோக்காரர் அவரைக் கண்டுபிடித்தார். அதே ஊரில் எல்மர் ஸ்னோடன் என்று இன்னொருவர். எலிங்டன் பேர் வாங்குவதற்கு முன்னால் அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அவர் கார் நிறுத்துமிடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பர்ட்சன் முயற்சியில் 1960-ல் லானிக்குப் புதிய ஆல்பம் வந்தது. அதே வருஷம் இரண்டு பெரியவர்களையும் சேர்த்து வாசிக்க வைத்தும் பதிவு செய்தார். கேட்டுப் பாருங்க. துளிக்கூட சுயபச்சாதாபம் இருக்காது. சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேர் பழங்கதை பேசுகிற மாதிரி இருக்கும்.

அதன் பிறகு ஓரளவுக்கு வெளிச்சம் வந்தது. 1963-ல் ஐரோப்பா சுற்றினார். நியூயார்க்கில் பாப் டிலன் என்ற புதுப் பையனுக்கு ஒரு வாசிப்பு முறையைக் காட்டிக் கொடுத்தார். டிலன் இதை மறக்கவில்லை. 2004-ல் எழுதிய சுயசரிதையில் லானி பெயரைச் சொல்லி எழுதினார். லானி கடைசிக் காலத்தில் கனடாவின் டொரன்டோவில் குடியேறினார். 1969-ல் நடைபாதையில் ஏறிய கார் மோதியது. 1970 பிப்ரவரியில் கைத்தடியோடு மேடையேறி, பட்டி கை கிட்டார் வாசிக்க, சில பாட்டுகள் பாடினார். அதே வருஷம் ஜூனில் மறைந்தார்.

*

ஹெண்ட்ரிக்ஸை விட்டுட்டேன்னு சண்டைக்கு வராதீங்க. 1966 அக்டோபர் 1, லண்டன். ஊருக்கு வந்து ஒரு வாரமே ஆன ஹெண்ட்ரிக்ஸ், கிரீம் குழுவின் கச்சேரியில் ஏறி ஒரு பாட்டு வாசிக்கட்டுமா என்று கேட்டார். வாசித்த வாசிப்பில் கிளாப்டன் பாதியில் மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டார். அந்தப் பாட்டு ஹவ்லின் உல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்'. 1964-ல் அதன் அசல் பதிவில் கிட்டார் வாசித்தவர்களில் ஒருவர் ஹ்யூபர்ட் சம்லின். 'கடவுளை' மேடையிலிருந்து இறக்கிய பாட்டிலும் இன்னொருவர் விரல் இருக்கிறது. ஹ்யூபர்ட் சம்லின் 2011 டிசம்பரில் இறந்தபோது ஈமச்சடங்குச் செலவை ஏற்றுக்கொண்டவர்கள் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும். கடனைத் தீர்ப்பதில் இது ஒரு வகை.

தனக்குப் பிடித்தவர் யார் என்று ஒரு இசைக்கலைஞர் சொல்லும்போது, அதை நாம் ரசனை என்று நினைத்துக் கேட்கிறோம். உண்மையில் அவர் கணக்குச் சொல்கிறார், எனக்கு இது இன்னாரிடமிருந்து வந்தது என்று. ரெக்கார்டு உறையில் போடாமல் விட்ட பெயர், நிறத்துக்காக மறைத்த பெயர், கூட்டிப் பெருக்கப் போன இடத்தில் தொலைந்த பெயர், இதெல்லாம் நமக்குத் திரும்பக் கிடைத்திருப்பது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். விற்பனைக் கணக்கைப் பார்த்தால் கார்ல் ஹோகன் வரமாட்டார். சக் பெரியிடம் கேட்டால் வருவார்.

*

இப்ப ஒரு பாவமன்னிப்பு.

போன வருஷம் எங்க ஆபீஸ்ல ஒரு மீட்டிங். நான் பார்த்துக்கிற ஒரு மாட்யூல் நல்லா ஓடுதுன்னு எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரும் கை தட்டினாங்க. அதோட கஷ்டமான பகுதி நான் எழுதியதில்லை. எனக்கு முன்னாடி கான்ட்ராக்ட்ல இருந்த ஒருத்தர் எழுதியது. ஒப்பந்தம் முடிஞ்சதும் அவரை அனுப்பிட்டாங்க. நான் என்ன செஞ்சேன்? 'டீம் எஃபர்ட்' அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டேன். அன்னிக்குத் தப்பாவே தெரியலை.

லானி ஜான்சன் கதையைப் படிச்ச ராத்திரி அந்த கோட்ல யார் எந்த வரியை எழுதினாங்கங்கிற லாக்கைத் திறந்து பார்த்தேன். வரிக்கு வரி அவர் பேரு. என் பேரு மேலாக்க இரண்டு மூணு திருத்தத்துல மட்டும். அடுத்த டெமோவில் கடைசி ஸ்லைடில் அவர் பேரைப் போட்டு, இது அவர் எழுதியதுன்னு சொன்னேன். யாரும் பெருசா எடுத்துக்கலை, அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாங்க. நம்பர் தேடிப் பிடிச்சு அவருக்கும் ஒரு மெசேஜ் போட்டேன். மறுநாள் பதில் வந்தது.

'அட, அந்த கோட் இன்னுமா ஓடுது?'

டிஸ்கி: கிட்டார் வாசிக்கத் தெரியாதவன் கிட்டாரைப் பற்றி எழுதியிருக்கான்னு விவரம் தெரிந்தவர்கள் அடிக்க வராதீங்க, நான் இன்னும் அஞ்சு கம்பியிலேயே நிக்கிறேன். பின்னூட்டத்துல உங்களுக்குப் பிடிச்சவர் பேரைச் சொல்லுங்க, முடிஞ்சா அவருக்குப் பிடிச்சவர் பேரையும் சேர்த்து!